செத்த கல்லுன்னு ஒரு வார்த்தை

பவளப்பாறை பாக்கவா? கண்ணாடிப் படகுலயா? போங்க சார், போங்க. அடியில கண்ணாடி பதிச்சிருப்பாங்க, குனிஞ்சு பாத்தா கல்லு தெரியும். படகுக்காரன் ‘இதான் சார் பவளம்’பான். நீங்களும் போட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிரலாம். பொழுது நல்லாப் போகும்.

கிண்டல் பண்ணல சார், கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க, பையை மேல வைங்க. சன்னல் பக்கம் நானே இருந்துக்கிறேன், எனக்கு இன்னைக்குக் காத்து வேணும். பவளம்னு நீங்க கண்டக்டர்கிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. காலையில இருந்து ராமநாதபுரம் கோர்ட்டுல அதே பேச்சுதான். கூண்டுல ஏறி நின்னு பவளத்தைப் பத்திப் பேசிட்டு வாரேன். பேசி ஒரு குடும்பத்தையே கவுத்துட்டு வாரேன். இல்ல, அப்படிச் சொல்லக்கூடாது. நான் ஒண்ணும் கவுக்கல. உண்மையச் சொன்னேன். உண்மையச் சொல்லிக் குடும்பம் கவுந்தா அதுக்கு நான் என்ன செய்யிறது?

மெதுவாப் பேசவா? ஏன், அந்தப் பச்சைச் சேலை திரும்பிப் பாத்துச்சா? இருக்காது சார். நீங்க தப்பாப் பாத்துருப்பீங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, மடியில ஒயர்க்கூடை, அதானே? அது எங்க அக்கா. கூடப்பொறந்த அக்கா, பஞ்சவர்ணம். ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே கோர்ட்டு, ஒரே பஸ்சு. நான் பின்வாசல்ல ஏறுறேன்னு பாத்துட்டு அது முன்வாசல்ல ஏறிருச்சு. என்னைத் திரும்பிப் பாக்காது. காதுல விழட்டும் சார். விழட்டும்னுதான் பேசுறேன்.

என் பேரு களஞ்சியம். கொம்படிவலசைன்னு கடலோரத்துல ஒரு ஊரு, உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகுறப்ப எனக்கு மீசை மொளைக்கல. மாப்பிள்ளை சங்கு குளிக்கிற ஆளு. அங்குச்சாமின்னு பேரு. எங்க பக்கம் சங்கு குளிக்கிறவன் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுத்தான் இறங்குவான். மேல படகுல அந்தக் கயித்தைப் புடிக்கிறது யாரு சொல்லுங்க? அண்ணன் தம்பி புடிக்க மாட்டான். பெத்த மகனை நம்பிக்கூடக் குடுக்க மாட்டாங்க. பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான் புடிக்கணும். ஏன்னா மத்தவன் அசந்துருவான், மச்சினன் அசர மாட்டான். கூடப்பொறந்தவ தாலி அவன் கையில இருக்குல்ல?

அப்படி நான் புடிச்சேன் சார், எங்க மச்சானுக்கு. மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போவாரு. கயித்துலயேதான் பேச்சு. ஒரு சுண்டு சுண்டுனா தூக்கு. மெல்ல ஆட்டுனா கொஞ்சம் விடு. எங்கூட அவரு வாயால பேசுனதைவிடக் கயித்தால பேசுனதுதான் அதிகம். மேல வந்து படகு விளிம்பைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறப்ப, ‘மாப்ள, உன் கை இருக்குன்னா நான் கீழ தூங்கிருவேன்டா’ன்னு சிரிப்பாரு. அம்புட்டு நம்பிக்கை.

அப்புறம்தான் எனக்கு வனத்துறையில இந்த வேலை வந்துச்சு. வேட்டைத் தடுப்புக் காவலர். பேரைப் பாத்தீங்களா, எவ்வளவு நீளம்! தற்காலிகந்தான், ஆனா காக்கிச் சட்டை உண்டு. தீவைச் சுத்திப் படகுல ரோந்து போகணும், பவளத்தை ஒடைக்கிறவன், கடல் அட்டை எடுக்கிறவன் எல்லாத்தையும் புடிக்கணும். அக்காவுக்குப் பெருமை தாங்கல. ‘என் தம்பி கவருமெண்டு’ன்னு தெருவெல்லாம் சொல்லுச்சு. சட்டையை அதுதான் தேச்சுக் குடுக்கும். மச்சான் மட்டும் கொஞ்சம் மொணங்குனாரு. ‘அப்ப கயிறு?’ன்னாரு. ‘ஊருல ஆளா இல்ல மச்சான்’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதோட அவரு சங்கு குளிக்கிறதை விட்டுட்டாரு. ஏன் விட்டாருன்னு தெரியல. வயசாகிருச்சுன்னு நெனச்சேன். மீன் புடிக்கக் கூடு போட ஆரம்பிச்சாரு. கூடுன்னா கம்பி வலையில பெட்டி மாதிரி பின்னியிருக்கும், மீனு உள்ள போனா வெளிய வராது. அதைப் பாருக்குப் பக்கத்துல இறக்கி, மேல கல்லை அடுக்கி வைக்கணும். இல்லாட்டி நீரோட்டம் உருட்டிக்கிட்டுப் போயிரும், மீனும் நம்பி வராது. பார்னா புரியுதா? நீங்க பவளப்பாறைங்கிறதை நாங்க பாருன்னுதான் சொல்லுவோம்.

எனக்கு அந்தப் பாருல இன்னொரு வேலையும் வந்துச்சு சார். திட்டம் ஒண்ணு கொண்டுவந்தாங்க. பாரு ஒடைஞ்சு மொட்டையாக் கெடந்த எடத்துல சிமெண்டுச் சட்டம் இறக்கி, அதுல பவளத்துண்டைக் கட்டி வளக்குறது. நாத்து நடுற மாதிரிதான். ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு பொண்ணு, மேடம்னுதான் கூப்புடுவோம், அவங்க காட்டிக் குடுத்தாங்க. நான் முங்கிக் கட்டுவேன். கட்டுறதுக்குத் துண்டு வேணும்ல? நல்லா இருக்குற பாருல போயி உளி வச்சு ஒடைச்சு எடுத்துட்டு வருவோம். அது வேற சார், அது வளக்குறதுக்காக ஒடைக்கிறது. எங்க வீட்டு அஸ்திவாரங்கூடப் பாருக் கல்லுதான், அது அப்பா காலத்துல. அப்ப சட்டம் இல்ல. அதையும் இதையும் போட்டுக் கொழப்பக்கூடாது.

விரல் நீளந்தான் கட்டுனேன். மான்கொம்புக் கல்லும்பாங்க, கிளை கிளையாப் போகும். நாலஞ்சு வருசத்துல முழங்கை நீளம் வந்து, ஒண்ணோட ஒண்ணு பின்னி, சிமெண்டே தெரியாம மூடிருச்சு. மீனு வந்து அடைஞ்சுச்சு. ஓரா, கலவா, கிளிமீனு, கலர் கலராப் பொடிமீனு. நான் முங்குனா வெலகாது, என் கைக்கு மேலயே திரியும். எனக்குக் கல்யாணம் ஆகல சார். யாரும் கேட்டா ‘கடலுக்குள்ள எனக்கு ஒரு வீடு நெறையப் புள்ளைங்க இருக்கு’ன்னு சொல்லுவேன். விளையாட்டுக்குச் சொல்லல, அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

மீனு எங்க இருக்கோ அங்கதானே கூடு போடுவான் மனுசன்?

அன்னைக்கு ரோந்துல நானும் எங்க மேலதிகாரி வனவரும். பாத்தா என் சிமெண்டுச் சட்டத்துக்கு மேலயே ஒரு வத்தை, சின்ன நாட்டுப்படகு, நிக்குது. ஆளு இல்ல. ஒரு கயிறு மட்டும் வத்தைக் கட்டையில கட்டித் தண்ணிக்குள்ள இறங்குது. யாரு வத்தைன்னு தூரத்துலயே தெரிஞ்சுபோச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! என்னத்துக்குன்னு நெனைக்கிறீங்க? தனியா இறங்கியிருக்காரே மனுசன், கயிறு புடிக்க ஒரு ஆளு இல்லாம, கட்டையில கட்டிட்டு! கட்டைக்கு என்ன தெரியும் சார், கீழ மூச்சு முட்டுதா இல்லையான்னு? நான் தாவி வத்தையில ஏறிக் கயித்தைப் புடிச்சேன். என்னை அறியாமப் புடிச்சேன். புடிச்சு ஒரு சுண்டு சுண்டுனேன்.

கீழ இருந்து பதிலுக்கு ஒரு சுண்டு. தூக்கச் சொல்றாரு. இழுத்தேன். வழக்கமா இழுக்குற மாதிரி, நெதானமா. தண்ணிக்கு மேல தலை வந்துச்சு. கண்ணைத் தொடைக்காமயே சிரிக்கிறாரு சார். ‘மாப்ள, நீயா? கயித்துலயே தெரிஞ்சுபோச்சு’ங்கிறாரு. ஒரு கையில படகு விளிம்பு. இன்னொரு கையில நெஞ்சோட அணைச்சு ஒரு பெரிய மான்கொம்புக் கல்லு, என் சட்டத்துல இருந்து ஒடைச்சது, வழுவழுன்னு கோழை ஒழுகுது. அப்புறந்தான் பின்னால ரோந்துப் படகுல நின்ன வனவரைப் பாத்தாரு.

வனவர் என் முகத்தைப் பாத்தாரு. ‘இவரு உனக்கு என்ன மொறை வேணும்?’னு கேட்டாரு. ‘மச்சான்’ன்னேன். அவரு நோட்டை எடுக்காம நின்னாரு. நான் ஏதாவது சொல்லுவேன்னு எதிர்பாத்திருப்பாரு போல. மச்சான், ‘உன் கல்லுன்னு தெரியாது மாப்ள, கூட்டு மேல அடுக்கத்தான் எடுத்தேன்’ன்னாரு. அந்தக் கல்லு அவரு நெஞ்சுல கெடக்கு, தண்ணி சொட்டச் சொட்ட. நான் நாலு வருசம் தொட்டுத் தொட்டுப் பாத்தது. ‘எழுதுங்க சார்’னுட்டேன்.

சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தானே? இன்னொருத்தனா இருந்தா புடிச்சிருப்பேன்ல? அப்ப மச்சானை மட்டும் எப்படி விடுறது? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்குச் சாயந்தரம் அக்கா வந்துச்சு வீட்டுக்கு. அழும், மண்ணை வாரித் தூத்தும்னு நெனச்சேன். வாசல் நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. ‘கயித்தைப் புடிச்சு இழுத்தது நீயாடா?’ன்னுச்சு. ஆமாக்கான்னேன். போயிருச்சு. அதோட பேச்சு நின்னது நின்னதுதான். எனக்குப் பொண்ணு பாக்க அதுதான் அலைஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு. காக்கிச் சட்டையை நானே தேச்சுப் பழகிக்கிட்டேன்.

மச்சான் கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தாரு. வத்தையைப் புடிச்சு வச்சுட்டாங்க. தூத்துக்குடியில ஒரு ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டாரு. கடல்லயே கெடந்த மனுசன், ஐஸ்கட்டி தள்ளுறாரு. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. நான் என்ன செய்யிறது?

அடுத்த கோடையிலதான் சார் என் குடி முழுகுச்சு. அந்த வருசம் காத்து ஏமாத்திருச்சு. மேக்க இருந்து கச்சான் காத்து அடிச்சாத்தான் கடலு கலங்கும், ஆறும். அது வரவே இல்ல. தண்ணி அசையாமக் கெடந்து கொதிச்சுச்சு. காலை விட்டா வெந்நி. உள்ள முங்குனா கீழயும் வெந்நி. ஒரு நாளு முங்கிப் பாக்குறேன், என் புள்ளைங்க நெறம் மாறிக் கெடக்கு. அழகு சார்! ஊதாவும் நீலமும் ரோசாவுமா மின்னுது. சுத்தி இருந்ததெல்லாம் பால் மாதிரி வெள்ளை. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பூத்திருச்சுன்னு நெனச்சேன். வயசுக்கு வந்த புள்ளையாட்டம் பூத்துருச்சுன்னு. கரைக்கு வந்து லட்டு வாங்கி ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தேன். சிரிக்காதீங்க. நெசமாவே குடுத்தேன்.

மேடம் லட்டைக் கையில வச்சுக்கிட்டே, ‘என்ன களஞ்சியண்ணே விசேசம்?’னாங்க. சொன்னேன். அந்தப் புள்ள லட்டை அப்படியே மேசையில வச்சுட்டு மூஞ்சியை மூடிக்கிச்சு. ‘அண்ணே, அது பூக்கல. பட்டினி கெடக்கு’ன்னுச்சு. பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்காம், அதுதான் அதுக்குச் சோறு போடுறது, நெறமும் அதுதான். சூடு தாங்கலன்னா பாசி வெளிய போயிருமாம். சோறு போட ஆளில்லாம வெளுத்துப்போயிக் கெடக்கும், தண்ணி ஆறுனா பொழைக்கும், ஆறலைன்னா செத்துரும். ‘எப்ப ஆறும்?’னு கேட்டேன். ‘காத்து அடிச்சாத்தான்’னாங்க.

நெழலு கட்டலாம்னு சொன்னாங்க. நர்சரியில செடிக்கு மேல கட்டுவாங்கள்ல பச்சை வலை, அதைச் சட்டத்துக்கு மேல கட்டுறது. எங்க ஆளுக வேற பாருல கட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் பொறுக்க மாட்டாம ஒத்தையா ஃபைபர் படகை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். கயித்தை இடுப்புல கட்டி, மறுமுனையைப் படகுக் கட்டையில சுத்திட்டு இறங்குனேன். வேற என்ன செய்ய? ஆளு வேணும்ல?

ரெண்டு மூலை கட்டிட்டேன். மூணாவது மூலையில மூச்சு திணறுது. மேல போகவும் மனசு வரல, இன்னும் ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுன்னு இருக்கேன். அப்ப கயிறு இறுகுச்சு சார். யாரோ புடிக்கிறாங்க. மெல்ல ஒரு இழுப்பு, வான்னு. மேல வந்து பாக்குறேன், என் படகுல மச்சான் உக்காந்திருக்காரு. லீவுல வந்தவரு, எவனோட வத்தையிலயோ தொத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்திருக்காரு. ஜாமீன்ல இருக்குற ஆளு அந்தப் பாரு பக்கமே வரக்கூடாது. வந்து கயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

நல்லாருக்கியான்னு கேக்கல. கேசைப் பத்திப் பேசல. ‘இன்னும் எத்தனை மூலை?’ன்னாரு. ‘ரெண்டு’ன்னேன். ‘மூச்சை நல்லா இழுத்துக்க, போ’ன்னாரு. கட்டி முடிக்கிற வரைக்கும் புடிச்சாரு. கரை தெரியுறதுக்கு முன்னாலயே வேற வத்தையில மாறிப் போயிட்டாரு. அக்காவுக்கு இது தெரியாது. இப்பத் தெரிஞ்சிருக்கும், காதுல விழுந்திருந்தா.

பொழைக்கல சார். ஒண்ணும் பொழைக்கல. நெழலு கட்டுனதும் செத்துச்சு, கட்டாததும் செத்துச்சு. வெள்ளை மேல பச்சைப் பாசி படிஞ்சு, சளி மாதிரி மூடி, அப்புறம் கிளை கிளையா ஒடிஞ்சு விழுந்துச்சு. மீனு போயிருச்சு. முங்குனா சத்தமே இல்ல. உயிரோட இருந்தப்ப பாருக்குள்ள படபடன்னு ஒரு சத்தம் கேக்கும், எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி. அது நின்னுபோச்சு. நான் முங்கி அழுவேன். தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?

வனவர்கிட்டப் போயிக் கேட்டேன். ‘சார், ஒரு கல்லு ஒடைச்சவரைப் புடிச்சுக் குடுத்தேன். பாரையே கொன்னுபுட்டானுவ, இதுக்கு யாரைப் புடிக்கிறது?’ன்னேன். அவரு பாவம், ‘போயி சாப்புடுப்பா’ன்னாரு. மேடம்கிட்டக் கேட்டேன். ஒலகம் பூராவும் பொகை விடுது அண்ணே, அந்தச் சூடுதான்னாங்க. ஒலகம் பூராவையும் எந்தப் படகுல ஏத்துறது? அப்புறம் திட்டம் முடிஞ்சுபோச்சு, மேடம் வேற ஊருக்குப் போயிட்டாங்க. எனக்கும் வேலை முடிஞ்சுபோச்சு. இப்ப வலைக் கம்பெனியில முடிச்சுப் போடுறேன்.

எல்லாம் போனப்புறம் வருது கோர்ட்டுல இருந்து சம்மன். சாட்சி சொல்ல வான்னு. கல்லு செத்து மண்ணாப் போச்சு, கேசு மட்டும் உயிரோட இருக்கு.

மச்சானோட வக்கீலு என்னை டீக்கடைக்குக் கூப்புட்டு அனுப்புனாரு. நல்ல மனுசன். ‘களஞ்சியம், வனவர் ரோந்துப் படகுல தள்ளி நின்னாரு, கல்லைக் கிட்ட இருந்து பாத்தது நீங்க மட்டுந்தான். புடிச்ச கல்லு கோர்ட்டுல வெள்ளையாத்தான் இருக்கு. கரையேறுனா எல்லாமே வெள்ளைக் கல்லுதான். நான் கேப்பேன், அது செத்து உதிர்ந்து கெடந்த கல்லுதானேன்னு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். உங்க மச்சானைக் காப்பாத்திரலாம். இல்லாட்டி வருசக்கணக்குல உள்ள போயிருவாரு’ன்னாரு. யாரு அனுப்பிச்சான்னு கேட்டேன். ‘உங்க மச்சான் கேக்க மாட்டேன்னுட்டாரு. உங்க அக்காதான் கேட்டுச்சு’ன்னாரு.

அக்கா கேட்டுச்சா! எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. சொல்றேன்னு சொல்லிட்டேன். அக்கா மேல சத்தியம் பண்ணிட்டேன். பொய்யின்னு நெனைக்கல சார். இன்னைக்குப் போயிப் பாத்தா செத்த கல்லுதானே? ஒரு வார்த்தை. சொல்லிட்டு எறங்கிர வேண்டியதுதானே?

முந்தாநாளு வாசல்ல ஒரு தூக்குச்சட்டி இருந்துச்சு. ஆளைக் காணோம். தொறந்தா கலவா மீன் கொழம்பு, மாங்கா போட்டு. அக்கா கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? தரையில உக்காந்து சட்டியோட சாப்புட்டேன்.

இன்னைக்குக் கூண்டுல ஏறுனேன். அரசு வக்கீல் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ரோந்து போனோம், இவரு இருந்தாரு, கையில கல்லு இருந்துச்சு. அப்புறம் நம்ம வக்கீலு எந்திரிச்சாரு. ‘அது செத்த கல்லுதானே?’ன்னாரு. ஆமான்னு சொல்ல வாயைத் தொறக்குறேன். மேல உக்காந்திருந்த நீதிபதியம்மா எழுதிக்கிட்டே தலையைத் தூக்கிப் பாத்தாங்க. சின்ன வயசுதான். மெரட்டலெல்லாம் இல்ல சார், தெரிஞ்சுக்கிற ஆசையிலதான் கேட்டாங்க. ‘உயிருள்ள கல்லு எப்படி இருக்கும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?’ன்னாங்க.

சார், அந்தப் பாரு செத்ததுல இருந்து எத்தனையோ பேரு என்கிட்டக் கேட்டிருக்காங்க. செத்துருச்சான்னு கேட்டாங்க. எம்புட்டு செத்துச்சுன்னு கேட்டாங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒரு மனுசன் கேக்கல. அந்தம்மாதான் கேட்டாங்க.

சொல்ல ஆரம்பிச்சேன். உயிருள்ளது தேன் நெறமா இருக்கும்மா, நுனி மட்டும் வெளிறின நீலம், அதுதான் வளருற எடம்னேன். தொட்டா வழுக்கும், அப்புறம் கை அரிக்கும்னேன். தண்ணிய விட்டு எடுத்தா கோழை விடும்மா, சின்னப் புள்ளைக்கு மூக்கு ஒழுகுற மாதிரின்னேன். பொழுது சாயுறப்ப ஒவ்வொரு கிளையிலயும் ஆயிரம் வாயி தொறக்கும், பூ மாதிரி, நெழலு விழுந்தா மூடிக்கிரும்னேன். ஒரு சின்ன மஞ்ச மீனு ஒரே கிளையில குடியிருக்கும், அந்தக் கிளை ஒடைஞ்சா எங்க போறதுன்னு தெரியாம அங்கயே சுத்தும்னேன். ‘இவரு தூக்கிட்டு வந்தப்ப அதுல அந்த மீனு ஒட்டிக்கிட்டு வந்துச்சும்மா, என் கண்ணால பாத்தேன், கல்லுக்குள்ள துடிச்சுக்கிட்டு இருந்துச்சு’ன்னேன். கோர்ட்டே கேட்டுச்சு சார். டைப் அடிக்கிற அந்தப் புள்ளகூடக் கையை நிறுத்திட்டுப் பாத்துச்சு. பேசப் பேச எனக்கு அதுக எல்லாம் கண்ணு முன்னால உயிரோட நிக்குது. நான் எங்க நிக்கிறேன்னே மறந்துபோச்சு. கடைசியில என்ன சொன்னேன்னு தெரியுமா? ‘செத்த கல்லுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா, அதுதான் அந்தப் பாருலயே நல்லா வளந்த கல்லு’ன்னுட்டேன்.

சொல்லி முடிச்சதும்தான் அக்கா முகம் தெரிஞ்சுச்சு. கடைசி பெஞ்சுல.

மச்சானோட வக்கீலு விடல. இந்த சாட்சி குடும்பப் பகையில பொய் சொல்றாருன்னு கத்துனாரு. அவரைக் குத்தம் சொல்லல, அவரு வேலை அது. அப்ப எதிர்க்கூண்டுல இருந்து மச்சான் பேசுறாரு. அவரை யாரும் கேக்கவே இல்ல. ‘இல்லம்மா. அவன் பொய் சொல்லல. கல்லு உயிரோடதான் இருந்துச்சு. அந்த மீனையும் நான் பாத்தேன். அவன் என் கயிறு புடிச்ச ஆளும்மா, அவனைப் பொய்யன்னு எழுதாதீங்க’ங்கிறாரு. வக்கீலு கேசுக் கட்டைத் தூக்கி மேசையில போட்டுட்டு உக்காந்துட்டாரு.

தீர்ப்பு அடுத்த வாய்தாவுல. என்ன தீர்ப்புன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல.

வெளிய வேப்பமரத்தடியில மச்சான் எங்கிட்ட வந்தாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். தோள்ல கையைப் போட்டாரு. ‘நல்லாச் சொன்ன மாப்ள. அப்படியேதான் இருந்துச்சு. அந்த வாயி தொறக்குறதைச் சொன்னியே, எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு’ன்னாரு. எனக்குச் சந்தோசம் வந்துருச்சு சார். சொன்னா வெக்கக்கேடு, ஆனா வந்துச்சு. ‘வடக்கு மூலையில ஒரு மூளைக்கல்லு இருந்துச்சே மச்சான், ஞாபகம் இருக்கா?’ன்னேன். ‘அது மேல நான் காலை ஊணி நிப்பேன்டா’ன்னாரு. ரெண்டு பேரும் நின்னு பேசிக்கிட்டே இருக்கோம்.

அக்கா வந்து நின்னுச்சு. எங்களை மாறி மாறிப் பாத்துச்சு. ‘பேசுங்கடா. ரெண்டு பேரும் கல்லைப் பத்தியே பேசுங்க. நான் எப்படித் தனியாக் கெடக்கப்போறேன்னு எவனும் பேசிராதீங்க’ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டைப் பாத்து நடந்துருச்சு. இத்தனை வருசத்துக்கப்புறம் என்கிட்டப் பேசுன பேச்சு அதுதான். மச்சான் தூத்துக்குடி பஸ் ஏறிட்டாரு, ராத்திரி வேலைக்கு ஆள் சேக்குறாங்களாம். நான் இந்தப் பஸ்.

நான் தப்பு செஞ்சேனா சார்? நான் தப்பு செய்யல. கேட்டாங்க, சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

திருப்புல்லாணி தாண்டிருச்சா? அப்ப வந்துருச்சு எங்க விலக்கு. இங்க எறங்கி ஊருக்குள்ள ஒரு மைலு நடக்கணும். ரெண்டு பக்கமும் கருவேலம், ஆள் நடமாட்டம் இருக்காது. அக்கா எந்திரிச்சுருச்சு பாருங்க. நான் எறங்கல. அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி நடந்துக்கிறேன். நான் பின்னாலயே நடந்து வந்தா அதுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். அது வீட்டுக்குப் போயிக் கதவைச் சாத்துன பிறகு போயிக்கிறேன். நீங்க சொல்லுங்க, உங்க ஊரு எது, இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு இருக்கேன்.

ஏன் வண்டி எடுக்க மாட்டேங்குறான்? எறங்குன ஆளு எறங்கியாச்சுல்ல?

படியிலயே நிக்குது சார். கம்பியைப் புடிச்சுக்கிட்டு, கண்டக்டர்கிட்ட என்னமோ சொல்லுது. என்ன சொல்லுது? ‘இருங்க, இன்னும் ஒரு ஆளு எறங்கணும்.’ அப்படித்தானே சொல்லுச்சு? உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? என் பேரைச் சொல்லல. தம்பின்னு சொல்லல. ஆளுன்னுருச்சு.

எறங்குறேன். அது நிறுத்தி வச்சப்புறம் எறங்காம எப்படி? நடக்குறப்ப கேக்கும் சார். ‘சத்தியம் பண்ணுனியேடா, அந்த ஒரு வார்த்தையை ஏன்டா சொல்லல?’ன்னு கேக்கும். எனக்கு அக்காவைத் தெரியும், கேக்காம விடாது. நீதிபதியம்மா கேட்டதுக்கு அம்புட்டு நேரம் நின்னு சொன்னேன். அக்கா கேக்கப்போறதுக்கு என்கிட்டச் சொல்ல ஒண்ணுமே இல்ல சார், ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் காலை மடக்குங்க, எறங்கிக்கிறேன்.